பூட்டா, கண்காணிப்பா, ஒட்டுப்பார்வையா? பிள்ளைகளின் இணைய நட்புக்கு மூன்று காவல்கள்

பன்னிரண்டு வயதுப் பையன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுகிறான். முன்பின் தெரியாத ஒருவர் அவன் ஆட்டத்தைப் புகழ்கிறார். இரண்டு நாள் கழித்து, விளையாட்டுக்குள் பொருள் வாங்கப் பயன்படும் டயமண்ட் வாங்கித் தருகிறார். பிறகு, "வாட்ஸ்அப் நம்பர் அனுப்பு, வீட்டில் சொல்லாதே" என்கிறார். பெற்றோர் கையிலுள்ள மூன்று வழிகளையும் இந்த ஒரு காட்சியை வைத்தே எடைபோடலாம்.

முதலாவது, கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி; இலவசமானது. பிள்ளை எந்தச் செயலியை இறக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம், இரவில் போன் எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பெற்றோர் தம் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். அனுமதித்த விளையாட்டுக்குள் யார் என்ன பேசுகிறார் என்பதை மட்டும் அது காட்டாது. ஆனாலும் பையனின் போனில் வாட்ஸ்அப்புக்கே அனுமதி இல்லையென்றால், அந்த அந்நியரின் அடுத்த அடி அங்கேயே தடுக்கப்படும் என்பதால், சிறு பிள்ளைகளுக்கு இதையே நான் முதலில் வைப்பேன். நம் வீடுகள் பலவற்றில் பிள்ளை விளையாடுவது அம்மாவின் போனில். அங்கே கணக்கும் வாட்ஸ்அப்பும் ஜிபேயும் அம்மாவுடையவை என்பதால் இந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, இன்ஸ்டாகிராமின் பதின்வயதினர் கணக்கு. இது 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே தனிப்பட்டதாகிவிடும். பிள்ளை பின்தொடர்பவரோ ஏற்கெனவே தொடர்பில் இருப்பவரோ மட்டுமே செய்தி அனுப்ப முடியும். பதினாறு வயதுக்குக் கீழ் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். கடந்த ஏழு நாளில் பிள்ளை யாருக்கெல்லாம் செய்தி அனுப்பியது என்பதைப் பெற்றோர் பார்க்கலாம், என்ன எழுதியது என்பதைப் படிக்க முடியாது. பதினான்கு, பதினைந்து வயதுக்கு இந்த அளவுதான் சரி என்பது என் கருத்து. பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இவ்வளவும் வீண் என்பதால், அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து சரிபார்ப்பதே முதல் வேலை.

மூன்றாவது, பிள்ளை தூங்கிய பிறகு ரகசியமாகச் செய்திகளைப் படிப்பது. அதிகம் தெரியவருவது இதில்தான். அதிகம் இழப்பதும் இதில்தான். பிடிபட்ட மறுநாளே பிள்ளை உரையாடல்களை அழிக்கக் கற்றுக்கொள்ளும் அல்லது நண்பனின் போனுக்கு மாறிவிடும். "வீட்டில் சொல்லாதே" என்ற பேச்சு பலிப்பதற்குக் காரணம், சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்; ஒட்டுப்பார்வை அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறது. மிரட்டல் தொடங்கிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் மட்டும், பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம்.

பாலியல் நோக்கத்தோடு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். அப்படி நேர்ந்தால், அந்தக் கணக்கைத் தடுப்பதற்கு முன் அதன் பெயரையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம். சைபர் குற்றங்களுக்கான அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம்.