அளவுக்கோடுகளை நம்பி வேலை செய்த அனுபவம்

பீக்கர், பிப்பெட் (குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி எடுத்து விடும் குழாய்), பியூரெட் (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் நீண்ட குழாய்) என்று பல வருடங்களாக ஆய்வகக் கண்ணாடிக் கருவிகளோடு வேலை செய்கிறேன். புதிதாக ஒன்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் மேல் அச்சிட்டிருக்கும் சின்ன எழுத்துகளைத்தான்.

பீக்கரின் கோடுகள் உத்தேச அளவுதான். ±5% என்று அதிலேயே பல சமயம் போட்டிருக்கும். 100 மில்லி கோட்டில் 95 மில்லியும் இருக்கலாம், 105 மில்லியும் இருக்கலாம். கலக்கவும் சூடாக்கவும் அது போதும். ஏ கிளாஸ், அதாவது துல்லியம் அதிகமான தரத்து, 10 மில்லி பிப்பெட்டில் அனுமதிக்கப்படும் விலகலோ ±0.02 மில்லிதான்.

'இன்', 'எக்ஸ்' குறிகளைப் பலரும் கவனிப்பதில்லை. 'இன்' போட்ட குடுவை அந்த அளவைத் தனக்குள் கொள்ளும்; கவிழ்த்து ஊற்றினால் சுவரில் ஒட்டியது போக மிச்சம்தான் வரும். 'எக்ஸ்' போட்ட பிப்பெட் வெளியே விடும் அளவைச் சொல்கிறது. நுனியில் தங்கும் துளி ஏற்கெனவே கணக்கில் கழிக்கப்பட்டது, அதை ஊதித் தள்ளக் கூடாது. ஊத வேண்டிய வகைக்குத் தனிக் குறி உண்டு.

அப்புறம் வெப்பநிலை. கோடுகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானவை. 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை ஒரு லிட்டர் குடுவையில் கோடு வரை நிரப்பினால், 20 டிகிரிக்கு ஆறும்போது கிட்டத்தட்ட இரண்டரை மில்லி சுருங்கிவிடும். நல்ல குடுவையின் சொந்த விலகல் அரை மில்லிகூட இல்லை. வெதுவெதுப்பான கரைசலைக் கோடு வரை நிரப்பிவிட்டு ஏ கிளாஸ் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது, பின்பக்கம் வெள்ளைப் பட்டையும் நடுவில் நீலக்கோடும் உள்ள பியூரெட். திரவத்தின் வளைவு அந்த நீலக்கோட்டை இரண்டு கூர்முனைகளாகக் காட்டும். அவை தொடும் இடமே அளவு. கண் களைத்த மாலையிலும் வாசிப்பு தடுமாறாது. சாதாரண பியூரெட்டில் வளைவுக்குச் சற்றுக் கீழே ஒரு கறுப்பு அட்டையைப் பின்னால் பிடித்தால் அடிவிளிம்பு பளிச்சென்று தெரியும். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் திரவம் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலுக்கு நீலக்கோடு உதவாது. அங்கே மேல்விளிம்பைத்தான் வாசிக்கிறேன், தொடக்கத்திலும் முடிவிலும்.

நீடித்து உழைப்பதில் பழுப்புக் கோடுகளுக்கே என் ஓட்டு. அந்த நிறம் கண்ணாடிக்குள் ஊறிப் படிந்தது. வெள்ளை எனாமல் மேலே பூசியது. காரமும் தேய்ப்பும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். கோடு மங்கிய பியூரெட்டை அளவு எடுக்கும் வேலையிலிருந்து விலக்கிவிடுகிறேன், சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட மட்டும் வைத்துக்கொள்கிறேன்.