தாழ்த்திய ஸ்விஃப்ட்டில் முன்சக்கரக் கேம்பர்: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

ஸ்விஃப்ட் காரை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பொருத்திய பிறகு, முன்சக்கரங்களின் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணத்தைச் சரிசெய்ய நான் தேர்ந்தெடுத்தது கேம்பர் போல்ட். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலுள்ளதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மாட்டப்படும் சிறிய உதிரிபாகம் அது. கோவையின் நகரச் சாலைகளிலும் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி மலைப்பாதையிலுமாக இரண்டு மழைக்காலங்கள் ஓட்டிப் பார்த்ததில், போல்ட் தன் வேலையைச் செய்கிறது என்று சொல்ல முடியும். ஆனால் டயரின் உள்விளிம்பைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, அதற்குப் பிறகு செய்த டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) திருத்தத்துக்கே உரியது.

இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு கொண்டது. உடல் தாழும்போது, நக்கிளின் அடிப்பகுதியைக் காருடன் இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை, உடலைப் பொறுத்தவரை, மேலே எழுகிறது. கிடைநிலையை நோக்கி எழும் வரை அது சக்கரத்தின் அடிப்பகுதியை வெளியே தள்ளுவதால், தலைப்பகுதி உள்ளே சாய்ந்து நெகட்டிவ் கேம்பர் கூடுகிறது. ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தான நிலையை ஆர்ம் தாண்டிவிட்டால் போக்கு தலைகீழாகிறது. அதற்கு மேல் சக்கரம் எழ எழ நெகட்டிவ் கேம்பர் குறையத் தொடங்கும். வளைவில் கார் சாயும்போது எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது வெளிப்பக்க டயர். மிகவும் தாழ்த்திய காரில், அந்த டயருக்கு அமைப்பு தானாகத் தரவேண்டிய சாய்வு கிடைக்காமல் போவது இதனால்தான். எனவே கேம்பரை முழுமையாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான் அலைன்மென்ட் சரி என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

ஸ்பிரிங்குகள் படிந்து நிலைபெற்ற பிறகு எடுத்த அளவுகளில் இடது சக்கரம் −1.8 டிகிரி, வலது சக்கரம் −1.2 டிகிரி, மொத்த டோ 3 மி.மீ. வெளிநோக்கி என்று இருந்தது. இந்த மூன்றில் எது டயரைத் தின்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ.; சக்கரம் ஒன்றுக்கு 1.5 மி.மீ. டோ-அவுட் இருந்தால், அது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். கேம்பர் இப்படி உரசுவதில்லை. எடையை உள்விளிம்பின் பக்கம் ஒதுக்குகிறது. தரையில் படியும் அகலத்தை 140 மி.மீ. என்று கொண்டால், 1 டிகிரிச் சாய்வில் இரு விளிம்புகளுக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 2.4 மி.மீ. மட்டுமே, காற்றடைத்த ரப்பர் அதில் கணிசமான பகுதியை நசுங்கியே ஈடுகட்டிவிடும். எடை ஒதுங்கிய விளிம்பை டோ உரசும்போதுதான் உள்பக்கம் வேகமாக வழுக்கையாகிறது. டிரெட்டின் குறுக்கே விரலை ஓட்டினால், ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் அது டோவின் வேலை. விளிம்பு வழவழப்பாகவே ஒருபக்கம் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். என் டயர்களில் இரண்டும் கலந்திருந்தன.

கேம்பர் போல்ட்டின் தண்டு அசல் போல்ட்டைவிட மெல்லியது. அதன் ஒரு பகுதி மையம் விலகிய வடிவில் இருப்பதால், போல்ட்டைத் திருப்பும்போது நக்கிளின் தலைப்பகுதி உள்ளே அல்லது வெளியே நகர்கிறது. இரு துளைகளுக்கும் இடைவெளி 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மேல்துளையில் 1 மி.மீ. நகர்வே ஏறக்குறைய 1 டிகிரி மாற்றத்தைத் தரும். இத்தனை நுண்மையான இடத்தில் பிடிமானம் முழுவதும் நட்டின் இறுக்கத்தையே நம்பியிருக்கிறது. போல்ட்டுடன் வரும் தாளில் குறித்துள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவையே பின்பற்ற வேண்டும். தண்டு மெல்லியது என்பதால், அசல் போல்ட்டுக்குரிய அளவை இதற்குக் கொடுத்தால் போல்ட் நீண்டுவிடும் அபாயம் உண்டு. ஸ்ட்ரட்டின் துளையையே அரத்தால் நீளமாக்கித் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. செலவு குறைவுதான், ஆனால் ஸ்பீடு பிரேக்கருக்கு அறிவிப்புப் பலகைகூட வைக்காத நம் சாலைகளில், நகர்வைத் தடுக்க எதுவும் இல்லாத அந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும்போது பலரும் தவிர்த்துவிடும் ஒரு வேலை உண்டு. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை; காரைத் தாழ்த்திய பிறகு அவை எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். கார் தன் சக்கரங்களின்மேல் நிற்கும் புதிய உயரத்தில் புஷ்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்கினால் புஷ்ஷின் ஆயுள் நீளும். கார் உட்காரும் உயரமும் நிலையாக இருக்கும். இது முடியாமல் கேம்பரை அளந்தால், அந்த எண்ணைச் சில வாரங்களில் மறந்துவிடலாம்.

இடவலமாக 0.6 டிகிரி வேறுபாடு இருந்ததால் முதலில் லோயர் ஆர்ம்கள் பொருத்தப்பட்டிருக்கும் சப்ஃப்ரேமைச் சோதிக்கச் சொன்னேன். அது ஒருபக்கம் நகர்ந்திருந்தால் ஒரு சக்கரத்தில் கேம்பர் கூடும். மறுசக்கரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அதை நடுவில் நிறுத்தியதிலேயே வேறுபாட்டின் ஒரு பகுதி தீர்ந்தது; மீதியைத்தான் போல்ட்டுகள் சரிசெய்தன. இப்போது வைத்திருப்பது இடது −1.0, வலது −0.8. இந்தச் சிறு வேறுபாடு வேண்டுமென்றே விடப்பட்டது. கார் பாசிட்டிவ் பக்கம் கூடுதலாக உள்ள, அதாவது நெகட்டிவ் சாய்வு குறைந்த சக்கரத்தை நோக்கி இழுக்கும்; இங்கே அது வலது. இடதுபுறம் ஓட்டும் நம் சாலைகள் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், வலப்பக்கம் லேசான இழுப்பு இருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

கேம்பரை மாற்றியதும் டோ மேலும் வெளிப்பக்கம் திரும்பியது. சக்கரத்தைத் திருப்பும் டை ராட் சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஆகவே கேம்பர் முதலில், டோ கடைசியில் என்ற வரிசையை மாற்றவே கூடாது. அலைன்மென்ட் நிலையங்கள் பலவற்றில் டோவை மட்டும் திருத்திவிட்டு, மெஷின் திரையில் கேம்பர் சிவப்பில் (வரம்புக்கு வெளியே) நின்றால் "இந்த வண்டியில் அது அட்ஜஸ்ட் ஆகாது சார்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அசல் நிலையில் அது உண்மைதான். கேம்பர் போல்ட் மாட்டிய காருக்கு, சக்கரம் தொங்கும் நிலையில் திருத்தி, பிறகு இறக்கி, காரை முன்னும் பின்னும் உருட்டி மறுபடி அளக்கும் பொறுமையுள்ள ஆளைத் தேடுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. ஒரே காரை இருமுறை அளந்தால் ஒரே எண் வருகிறதா என்று பார்த்தாலே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க நிகழ்வு ஒன்றுதான். மழைநீர் மூடியிருந்த குழி ஒன்றில் இடதுசக்கரம் விழுந்த பிறகு, நேர்சாலையில் ஸ்டியரிங் சற்றுக் கோணலாக நின்றது. போல்ட்டின் தலையிலும் ஸ்ட்ரட்டின் மேலுமாகச் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் போட்டிருந்த கோடு விலகியிருந்ததால், அலைன்மென்ட் மெஷின் இல்லாமலே காரணம் புரிந்தது. நட்டை மாற்றி, உரிய டார்க்கில் இறுக்கி, டோவை மறுபடி சரிசெய்த பிறகு அது நகரவில்லை. அந்தக் கோட்டை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கிறேன். டயர்களைப் பொறுத்தவரை, உள்விளிம்பிலும் நடுவிலும் வெளிவிளிம்பிலும் ஆழமானியால் அளக்கும்போது இப்போது உள்பக்கம் அரை மி.மீ. அளவே கூடுதலாகத் தேய்கிறது. சக்கரங்களை முன்பின் மாற்றிப் போடுவதில் அதுவும் சமனாகிவிடுகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் முன்பக்கப் பிடிப்பு −1.8 இருந்தபோது இருந்ததைவிடச் சற்றுக் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, ஈரமான சாலையில் பிரேக் பிடிக்கும்போது கார் முன்னைவிட நேராக நிற்கிறது.

சக்கரத்தின் தலைப்பகுதி வெளியே வருவதால் ஃபெண்டர் விளிம்புடனான இடைவெளி குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என் காரில் அசல் அளவு டயர் என்பதால் ஐந்து பேர் ஏறினாலும் உரசவில்லை; அகலமான டயர் போட்டவர்களுக்கு இதுவே முதல் தடையாகலாம். போலோ போல ஸ்ட்ரட்டின் குழலை நக்கிள் கவ்விப்பிடிக்கும் கார்களுக்கு இந்த போல்ட் பொருந்தவே பொருந்தாது. மேலும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில் வாகன மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கண்டிப்புடன் அணுகியது. கேம்பர் போல்ட் வெளியே தெரியாது. தாழ்ந்த ஸ்பிரிங் தெரியும். அடுத்த முறை ஷாக் அப்சார்பர் மாற்றும்போது போல்ட்டுகளையும் நட்டுகளையும் புதிதாகவே போடுவதாக இருக்கிறேன். மெல்லிய தண்டில் துரு ஏறிய பிறகு அதன் இறுக்கத்தை நம்புவதற்கில்லை.