காதால் இயக்கும் கைபேசி: பெங்களூரிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

பார்வையற்ற நான், அலுவலகக் கணினியில் என்விடிஏவையும் கைபேசியில் டாக்பேக்கையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் இந்தத் திரைவாசிப்பான்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளின் தமிழ்க் குரல் கரகரவென்று ஒலித்தாலும், பழகிய காதுக்கு வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்க அதுவே வசதி. என் மனக்குறை முழுவதும் அவை வாசிக்க வேண்டிய செயலிகளையும் இணையதளங்களையும் பற்றியதுதான்.

டாக்பேக்கில் விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பட்டனின் பெயர் ஒலிக்கும். இருமுறை தட்டினால் அது இயங்கும். பட்டனுக்குப் பெயர் எழுதியிருந்தால்தான் இது நடக்கும். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் செயலியில் பணம் அனுப்புவது, இருப்பைப் பார்ப்பது, அறிக்கை எடுப்பது என எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் தெளிவான பெயர்கள் இருந்தன. முகப்பை அழகுபடுத்திய ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு அவை வெறும் படங்களாகிவிட, வரிசையாக "லேபிள் இல்லாத பட்டன்" என்பது மட்டுமே காதில் விழுந்தது. எத்தனையாவது பட்டன் எதற்கு என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அடுத்த பதிப்பில் வரிசையே மாறிவிட்டது. புகார் அனுப்பிய பின் பெயர்கள் திரும்பி வந்தன, ஆனால் அதே பதிப்பில் ரகசிய எண்ணை உள்ளிடும் பலகை ஊமையாகிவிட்டது. ஆண்ட்ராய்டில் ஒரு படப் பட்டனுக்குப் பெயர் கொடுக்க நிரலில் ஒரு வரி போதும் என்பதால், இதைச் செலவுப் பிரச்சினை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பதிப்பையும் கண்ணால் மட்டுமே சோதித்து வெளியிடுகிறார்கள், காதால் ஒருவரும் கேட்டுப் பார்ப்பதில்லை என்பதே என் முடிவு.

தமிழில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. "தமிழ்" என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னால் "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்றுதான் கேட்கும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்ட போதிலும் பழைய கோப்புகள் பல இன்னும் அப்படியே உலவுகின்றன. யூனிகோடில் இருக்கும் பக்கங்களிலும் "இது தமிழ்" என்ற மொழிக் குறிப்பை நிரலில் சேர்க்காமல் விட்டால், ஆங்கிலக் குரல் அதைத் தமிழாக வாசிக்காது. இத்தனைக்கும் இந்தக் குறிப்பு, இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டி நெறிகளில் மிக அடிப்படையான முதல் நிலையைச் சேர்ந்தது.

மிகவும் சலிப்பூட்டியது காணொளி வழி அடையாளச் சரிபார்ப்பு. முகத்தை வட்டத்துக்குள் நிறுத்தும்படி திரை எழுத்தில் சொல்லும், ஒலியில் எதுவும் சொல்லாது. "அண்ணா, கொஞ்சம் மேல தூக்குங்க, இப்ப கண்ணைச் சிமிட்டணுமாம்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லச் சொல்லத்தான் அது முடிந்தது. என் அட்டை எண்கள் அத்தனையும் அவன் கண்ணில் பட்டதும் அப்போதுதான். இத்தகைய சரிபார்ப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிம வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016லிருந்தே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நன்றாக அமைந்தவையும் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி செயலி, ரூபாய்த் தாளைக் கேமராவின் முன் பிடித்தால் இணைய இணைப்பு இல்லாமலே மதிப்பைச் சொல்லிவிடுகிறது. அல்சூர் சந்தையில் அண்ணாச்சி கடையின் கல்லாவில் இருக்கும் ஒலிப்பெட்டி, அவருடைய வசதிக்காக வைத்தது என்றாலும், எவ்வளவு தொகை போய்ச் சேர்ந்தது என்பதற்கு எனக்கும் அதுவே சாட்சி.

இப்போதைக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால், திரைவாசிப்பான் பயன்படுத்தும் நண்பர்களில் யாராவது ஒருவர் முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புகிறார். எண் பலகை பேசுகிறது என்று அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் ஏற்றுகிறோம்.