தாலசீமியா கேரியரா? சிபிசி, எச்பிஎல்சி, டிஎன்ஏ: எதை முதலில் எடுப்பது?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சொந்தத்தில் பெண் கட்டுவது இன்றும் உண்டு. அக்கா மகளைக் கட்டினால், பிறக்கும் பிள்ளையின் ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க 8-ல் 1 வாய்ப்பு. மாமன் மகள் என்றால் 16-ல் 1. தாலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோய்; அதன் பழுதான மரபணுப் பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவர் கேரியர். கேரியர் இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குத் தாலசீமியா வர 25 சதவீதம் வாய்ப்பு. கேரியருக்கோ ஒரு தொந்தரவும் தெரியாது, 'லேசான ரத்தசோகை' என்று இரும்பு மாத்திரையோடு போய்விடும்.

சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட், மலிவு, எந்த லேபிலும் எடுப்பார்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே என்றால், அதே தாளிலுள்ள ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை, மில்லியனில்) எண்ணால் அதை வகுத்துப் பாருங்கள். 66-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.8. விடை 13-க்குக் கீழே இருப்பதால் கேரியர் சாயல். 68-ஐ 4.1-ஆல் வகுத்தால் 16.6, இது இரும்புச்சத்துக் குறைவின் சாயல். சாயல்தான், தீர்ப்பு இல்லை. இரண்டும் சேர்ந்திருப்பவரிடம் கணக்கு கவிழ்ந்துவிடும்.

காசு கொடுக்க வேண்டியது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சிக்குத்தான். ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், வெறும் வயிறு வேண்டாம். அந்த வகைகளில் ஒன்றான ஹீமோகுளோபின் ஏ2 அளவு 4 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தாலசீமியா கேரியர். 3.5 முதல் 4 வரை இழுபறி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: இரும்புச்சத்து குறைந்தால் ஏ2-வும் இறங்கி, கேரியர் 'நார்மல்' ஆகிவிடுவார். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) பார்த்து, குறைவென்றால் மூன்று மாதம் மாத்திரை போட்டு மறுபடி எடுக்க வேண்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் மூன்று மாதம் பொறுக்கணும். சம்பா அறுத்துத் தை, மாசியில் கல்யாணம் என்றால், புரட்டாசியிலேயே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஆல்ஃபா தாலசீமியா என்ற இன்னொரு வகையின் கேரியரை எச்பிஎல்சி பெரும்பாலும் பிடிக்காது. அதனால் எம்சிவி குறைவு என்று காட்டும் சிபிசி தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

டிஎன்ஏ டெஸ்டை எடுத்த எடுப்பில் செய்வது காசுக்குக் கேடு. வழக்கமான சில மரபணுப் பிறழ்வுகளை மட்டும் தேடும் டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால், அரிதான பிறழ்வு இருக்காது என்று பொருளில்லை. இருவரும் கேரியர் என்று தெரிந்தாலோ, ஏ2 இழுபறியோ ஆல்ஃபா சந்தேகமோ இருந்தாலோதான் டிஎன்ஏ டெஸ்ட் அவசியம். 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துக் கருவைப் பார்க்க, பெற்றோரின் பிறழ்வு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே கர்ப்பம் என்றால், இரும்பு ஏறட்டும் என்று காத்திருக்காமல் கணவருக்கும் அன்றைக்கே சிபிசி, எச்பிஎல்சி எடுத்துவிடுங்கள்.