முதல் படியோடு நிறுத்தினால் பபிள் ஃபிளேர் ஆகிவிடாது: ஃபிளேரிங் கருவி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

காரின் பின்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் பைப் துருவேறி அரித்துப்போனதால், புதிய பைப்பை நானே வெட்டி முனையை விரித்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று, இணையத்தில் ஒரு ஃபிளேரிங் கருவிப் பெட்டியை வாங்கினேன். பைப்பின் முனையை மடித்துப் புனல்போல விரிக்கும் டபுள் ஃபிளேர், குமிழ்போல உப்பவைக்கும் பபிள் ஃபிளேர் இரண்டுமே அதில் போடலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. என் காருக்குப் பபிள்தான் வேண்டும் என்பதால், பணம் கட்டுமுன் விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டு, "ஆம்" என்ற பதிலையும் பெற்றிருந்தேன்.

வந்து சேர்ந்ததோ, துளைகள் வரிசையாக உள்ள கவ்விச் சட்டமும் அதன்மேல் மாட்டும் திருகும் கொண்ட சாதாரணக் கருவி. ஒவ்வொரு துளையின் வாயும் 45 பாகைச் சரிவாகக் குடையப்பட்டிருந்தது. இதில் பபிள் எப்படிப் போடுவது என்று கேட்டதற்கு, "டபுள் ஃபிளேருக்கு இரண்டு படிகள், முதல் படியோடு நிறுத்தினால் அதுதான் பபிள்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

முதல் படியில் பைப்பின் முனை குமிழ்போல உப்புவது உண்மைதான். ஏமாற்று முழுவதும் அந்த அரை உண்மையில்தான் இருக்கிறது. முறையான பபிள் ஃபிளேரில் குமிழின் பின்புறம் தட்டையாக இருக்கும். நட்டின் தட்டையான முனை அதைச் சுற்றிலும் சமமாக அழுத்தி, எதிரேயுள்ள குழிவான இருக்கையில் பதிய வைக்கும். சரிவான துளையில் உப்பிய குமிழின் பின்புறமும் சரிவாகவே அமைவதால், நட்டின் அழுத்தம் அதன்மேல் ஒழுங்காக விழுவதில்லை. டபுள் ஃபிளேரின் கதையே வேறு: அதில் முனை புனல்போல உள்ளே மடிந்து, துருத்தி நிற்கும் கூம்பின்மேல் அமர்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றதைத் திருகினால், நட் இறுகிவிட்டதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகு, தம்பியைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நட்டைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைச் சுற்றினேன். பத்து எண்ணுவதற்குள் அதில் ஈர வளையம் விரிந்தது, பெடலும் மெல்லக் கீழிறங்குவதாகத் தம்பி சொன்னான். கழற்றிப் பார்த்தால், குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நசுங்கியிருந்தது; போதாக்குறைக்கு, கவ்வியின் பற்கள் பைப்பின்மேல் ஆழமாகக் கீறியிருந்தன. வண்டியைத் தெருவுக்கு எடுக்குமுன் சோதித்தது என் நல்ல காலம்.

படங்களுடன் திருப்பிக் கேட்டபோது, "பயன்படுத்திய பொருளை ஏற்பதில்லை" என்றார்கள். பயன்படுத்தாமல் அதன் குறையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? பிறகு, நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

ஆகவே வாங்குமுன், டையின், அதாவது பைப்பைக் கவ்வும் துளையின், வாய் தட்டையா சரிவா என்று தெரியும்படி அருகிலெடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள், 4.75 மி.மீ. என்ற பைப் விட்டம் பொருந்துவது மட்டும் போதாது. கழற்றிய பழைய பைப்பின் முனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துண்டுப் பைப்பில் இரண்டு மூன்று முறை பிசிறு நீக்கிப் போட்டுப் பழகுங்கள். முனையை விரிக்குமுன் நட்டைப் பைப்பில் கோக்க மறந்து நல்லதொரு முனையை நான் வெட்டியெறிந்ததும் உண்டு. அந்தப் பழியை மட்டும் விற்பனையாளர்மேல் போட முடியாது.