மனக்காயம் அறிந்த விளையாட்டுப் பயிற்சி: காட்பாடி வகுப்பு பற்றி

வேலூர் வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகக் காட்பாடியில் அண்மையில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டேன். வன்முறையாலும் இழப்பாலும் மனம் காயப்பட்ட பிள்ளைகளை மைதானத்தில் எவ்வாறு நடத்துவது என்பதே அதன் பொருள். கட்டிய பணத்துக்குத் தகுதியான பயிற்சிதான். ஆனால் பிற்பகல் பகுதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

காலை அமர்வு மிகச் சிறப்பாக இருந்தது. அச்சம் மேலிடும்போது ஒரு பிள்ளை எதிர்க்கும், ஓடும், அல்லது அப்படியே உறைந்து நின்றுவிடும் என்று பயிற்சியாளர் விளக்கினார். காதருகே ஊதிய விசிலுக்கோ, பின்னாலிருந்து தோளில் விழுந்த கைக்கோ உறைந்துபோன மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று எண்ணி, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது நம்மிடையே இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. கபடியையும் பளுதூக்குதலையும் தொட்டுத் திருத்தாமல் கற்பிக்க இயலாது என்று நாங்கள் வாதிட்டபோது அவர் மறுக்கவில்லை. எங்கே, எதற்காகத் தொடப்போகிறோம் என்று முன்னதாகவே சொல்லி, பிள்ளை வேண்டாமென்றால் செய்துகாட்டியே திருத்தும் முறையை எங்களையே ஒருவருக்கொருவர் செய்துபார்க்கச் சொன்னார். பளுதூக்கும் வீரர்களுக்குப் பெயர்பெற்ற சத்துவாச்சாரிக்கு அருகில் பணிபுரியும் எங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

தண்டனையைத் தவிர்த்து, உடனிருந்து வளர்க்கும் முறையைப் பற்றி 1877-இல் எழுதிய கத்தோலிக்கக் குரு டான் போஸ்கோ, இத்தாலியின் துரின் நகரின் ஏழைச் சிறுவர்களோடு தாமும் விளையாடியவர் என்பதைப் பயிற்சியாளர் நினைவூட்டிய பிறகு, இதை வெளிநாட்டுப் பழக்கம் என்று ஒதுக்கிய மூத்த ஆசிரியர்களும் கவனிக்கத் தொடங்கினர்.

பிற்பகலில்தான் குறை. பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது, அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவசர அவசரமாகச் சொல்லப்பட்டன. ஒரு பிள்ளை மனம் திறந்து பேசினால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேட்பது எப்படி, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஏன் வாக்களிக்கக் கூடாது என்பவற்றை நடித்துப் பழகவே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. சவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்; இரவில் அழும் பிள்ளையை அறிந்தவர் விடுதிக் காப்பாளரே, அவருக்கோ அழைப்பே இல்லை.

அடுத்த வகுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பவிருக்கும் தாளாளர்களே, காப்பாளர்களுக்கும் இடம் கேட்டுப் பெறுங்கள். தமிழ்க் கையேடு தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.