ஒட்டு வீணை, ஏகாந்த வீணை: வாங்கியும் விற்றும் பார்த்த அனுபவம்

2008-இல் என் முதல் வீணையை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒட்டு வீணை. குடத்தில் (உருண்டையான பெரிய பகுதி) மயில், தண்டி (நீளமான கழுத்துப் பகுதி) ஓரம் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் பூவேலை. பார்க்க அவ்வளவு அழகு. நாதத்தைக் கேட்டு வாங்க அப்போது எனக்குத் தெரியாது.

ஒட்டு வீணையில் குடம், தண்டி, தண்டி நுனியில் வரும் யாளி முகம் எல்லாம் தனித்தனியாகச் செய்து சேர்ப்பார்கள். ஏகாந்த வீணை ஒரே பலாமரத்தில் குடைந்தது. இந்த வித்தியாசத்தின் அர்த்தம் எனக்கு மூன்றாவது வருடம்தான் புரிந்தது. குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. ஏழு தந்திகளின் இழுவையில் தண்டி மெல்ல வளைந்து, தந்திக்கும் அதன் கீழே விரல் அழுத்தும் இடத்திலுள்ள உலோக மெட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது. தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகம் பிடித்தால் விரல் வலிக்கும். கடைக்காரர் வெயிலைக் குறை சொன்னார். 2012-இல் 3,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். எல்லா ஒட்டு வீணையும் இப்படி ஆகாது. நல்ல ஆசாரி சேர்த்தது பல வருடம் நிற்கும். ஆனால் விற்கப் போனால் எல்லோரும் முதலில் அந்த ஒட்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

அதே வருடம் வெளிநாடு கிளம்பிய ஒரு அக்காவிடம் ஏகாந்த வீணை ஒன்றை 22,000-க்கு வாங்கினேன். மெட்டுகளைப் பதித்த மெழுகு காய்ந்து வெடித்திருந்தது, நாலைந்து மெட்டுகள் தேய்ந்திருந்தன. முன்னால் பார்த்தவர்கள் அதைக் கண்டே ஒதுங்கியிருக்கிறார்கள். உண்மையில் அது கவலைப்படவேண்டிய விஷயமே இல்லை. தேன்மெழுகும் கரித்தூளும் சேர்ந்த அந்த மெழுகு வீணைக்கு எப்படியும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகப் போடவேண்டியது. 24 மெட்டுகளையும் சரியான சுரத்தில் பதித்து மேளம் கட்ட எனக்கு 3,500 ரூபாய் ஆனது. மெழுகு, மெட்டு, தந்தி, தந்தியை முறுக்கும் பிரடை, தந்திகளைத் தாங்கும் குதிரை எல்லாம் மாற்றலாம். மரத்தை மாற்ற முடியாது. அதனால் இப்போது வீணை பார்க்க யார் கூப்பிட்டாலும் நான் முதலில் செய்வது, யாளிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி தண்டி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் குடத்தில் வெடிப்பு. அப்புறம்தான் வாசித்துப் பார்ப்பது.

பழைய வீணை என்றால் இன்னொன்றும் பாருங்கள். வேலைப்பாட்டில் தந்தமோ மான்கொம்போ இருந்தால் தொடாதீர்கள். தந்த வியாபாரம் நம் நாட்டில் குற்றம்; வாங்கியதைத் திரும்ப விற்கவும் முடியாது.

செய்த ஆசாரி யார், எந்த வருடம் என்று கேட்டு எழுதி வையுங்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு நிற்பதில்லை, கை யாருடையது என்று கேட்கிறார்கள். மைக் பொருத்தக் குடத்தில் துளை போடவேண்டாம். என் தோழி வீணையில் அந்த ஒரு துளைக்காகவே 8,000 குறைத்துக் கேட்டார்கள். ஒட்டிக் கழற்றும் பிக்கப் (சின்ன ஒலிவாங்கி) போதும்.

இடையில் பையனுக்காக 14,000-க்கு ஒரு கீபோர்டும் வாங்கினோம். ஐந்து வருடத்தில் அதற்குள் நாலு புது மாடல் வந்துவிட்டது. 3,500-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவன் ஆசையாக வாசித்தான், அதனால் வருத்தமில்லை. ஆனால் கற்றுக்கொள்ளத் தொடங்கும்போது கீபோர்டையெல்லாம் பழையதாகவே வாங்கலாம்.

போன தையில் ஒரு டீச்சர் தன் மாணவிக்காக என் வீணையை 45,000-க்குக் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை மூன்று பார்த்தாயிற்று, இரண்டில் தண்டி வளைவு.